மாமியார் உறுமிய நாள்

வெயிலக்கா எதைச் சொன்னாலும் அவள் புருஷர் ‘சரி’ என்பார். வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டது என்றால் சரி. உங்கள் தங்கை பேசிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் சரி. கல்யாணமான புதிதில், மறுபேச்சே பேசாத மனுஷர் வாய்த்திருக்கிறார் என்று அவள் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். மனுஷர் காதில் வாங்கினால்தானே மறுபேச்சு பேசுவதற்கு!

அன்று காலையும் அப்படித்தான். அவர் வாசலில் உட்கார்ந்து, கண்ணாடி வழிக்கும் ரப்பர் பட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பது அவர் வேலை. மொட்டை மாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிற்றில் ஒரு மேடையைத் தொங்கவிடுவார்கள். அதற்குத் தொட்டில் என்று பெயர். பெயர் வைத்தவன் அதில் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். மோட்டாரில் ஏறும், மோட்டாரில் இறங்கும். கரண்ட் போனால் நின்ற இடத்தில் நிற்கும். கையால் இறக்க ஒரு லீவர் உண்டு. ஆனால் இப்போது வேலை நடக்கும் கட்டடத்தில் அந்த லீவர் இறுகிக் கிடக்கிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை என்று முந்தின நாள்தான் அவர் புலம்பியிருந்தார்.

“இங்க பாருங்க, இன்னைக்குத் தொட்டில்ல ஏறாதீங்க” என்றாள். “சூரியன்ல ஒரு பெரிய வெடிப்பு. அங்கிருந்து கிளம்பினது மதியத்துக்குள்ள வந்து சேரும். கரண்ட் போகலாம். நானே நிறுத்த வேண்டி வந்தாலும் வரும். காத்து வேற இந்த அடி அடிக்குது. வீட்டுல தண்ணி பிடிச்சு வைங்க.”

“சரி.”

“நான் என்ன சொன்னேன்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி.”

“அது கடைசி வார்த்தை!” என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

வெயிலக்கா என்பது அவளுடைய பெயரில்லை, கன்ட்ரோல் ரூமில் வைத்த பட்டம். நகரத்துக்கு வரும் மின்சாரத்தைப் பங்கு பிரித்து அனுப்பும் இடம் அது. சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கக் கோடுகள். மற்றவர்கள் எல்லாரும் லோடு எவ்வளவு, எந்த லைன் சூடாகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஒரு மூலையில் சூரியனின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரும்புள்ளிகளை ஆராய்வாள். போன வருஷம் இப்படித்தான் சூரியப் புயல் வருகிறது என்று அடம்பிடித்துப் பாதி நகரத்தை இருட்டாக்கினாள். ஒன்றும் வரவில்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன, ஒரு பெரிய மனிதரின் பேச்சு மைக் செத்துப் பாதியில் நின்றது, மேலிடத்திலிருந்து இவளுக்கு நன்றாகக் கிடைத்தது. அன்றிலிருந்து வெயிலக்கா. மழை பெய்தால்கூட, “என்னக்கா, உங்க சூரியன் லீவா?” என்பார்கள்.

போன வருஷம் நடந்தது அவள் குற்றமில்லை. சூரியன் துப்புகிற மேகம் பூமியை நோக்கி வருவது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆனால் அதன் காந்தம் வடக்கே பார்த்து வருகிறதா, தெற்கே பார்த்து வருகிறதா என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். வடக்கே பார்த்திருந்தால் உரசிவிட்டுப் போய்விடும். தெற்கே பார்த்திருந்தால் பூமியின் காந்தத்தோடு கொக்கி போட்டுக்கொள்ளும். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே நிற்கும் செயற்கைக்கோள் ஒன்று அதைப் பார்த்துச் சொல்லும். சொன்ன பிறகு கையில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தச் செயற்கைக்கோள் அனுப்பும் கோடு திரையில் கீழே விழுந்தது. தெற்கு. விழுந்துகொண்டே போனது.

பெரிய சாருக்கு ஃபோன் போட்டாள். அவர்தான் அவளுக்கு மேலதிகாரி. மீட்டிங்கிலிருந்து கிசுகிசுத்தார். “மறுபடியுமா? இதோ பாரும்மா, ரேடியோவுல டிவியில எதுவும் சொல்லிப் பீதியைக் கிளப்பாதே. நிறுத்தணும்னா நிறுத்து. ஷிஃப்ட்ல இருக்கிறது நீ, முடிவு உன்னோடது.”

முடிவு உன்னோடது என்றால், பழியும் உன்னோடது என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோனை வைத்தாள்.

அதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த மீசை ஆரம்பித்துவிட்டார். அவரும் அவளைப் போல ஷிஃப்ட் இன்ஜினியர், மீசையை எடுத்து வருஷக்கணக்கான பிறகும் பட்டம் போகவில்லை. “அக்கா, விமானமெல்லாம் இறங்காம சுத்திக்கிட்டு இருக்காம். மச்சான் டாக்ஸி ஓட்டுறான், மேப்புல அவன் வண்டி ஏரிக்குள்ள நிக்குதாம். பாங்குல கார்டு எதுவும் வேலை செய்யலையாம்.” வழக்கமான கேலி அவர் குரலில் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். வெளியே மரங்கள் வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. காற்றுக்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை. அது தன்பாட்டுக்கு அடிக்கிற காற்று. இந்த மனுஷர் ஏறியிருப்பாரா? ஏறித்தான் இருப்பார். சரி என்றாரே!

அவருடைய கைபேசிக்கு அடித்தாள். மணியே போகவில்லை. போயிருந்தாலும் பயனில்லை. தொட்டிலில் ஏறுகிறவர்கள் கைபேசியைக் கீழே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலேயிருந்து கை தவறினால் கீழே போகிறவன் மண்டை பிளந்துவிடும் என்று அந்த விதி.

அப்போதுதான் துணைமின் நிலையத்து யார்டிலிருந்து ஃபோன் வந்தது. நகரத்தின் கிழக்குப் பாதிக்குச் சோறு போடுவது அந்த யார்டில் நிற்கும் ஒரே ஒரு பழைய டிரான்ஸ்பார்மர். ஒரு வீட்டளவு இருக்கும். இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் அதற்கு மாமியார் என்று பெயர். பெயர் வைத்தது மீசை, அவர் வீட்டு நிலவரம் அப்படி.

“அக்கா, மாமியார் உறுமுறா” என்றார் யார்டு இன்ஜினியர். அவரே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பின்னால் கேட்ட சத்தம் முணுமுணுப்பு இல்லை. “தரையிலேயிருந்து கரண்ட் ஏறுது. எண்ணெய் சூடு ஏறிக்கிட்டே போகுது. நிறுத்துங்க.”

மேலே வானத்தில் காந்தம் ஆடினால் கீழே மண்ணுக்குள் மின்சாரம் ஓடும். ஓடுகிற மின்சாரம் எங்கே வழி கிடைக்கும் என்று பார்த்து, பூமிக்குள் புதைத்திருக்கும் கம்பி வழியாகப் பெரிய டிரான்ஸ்பார்மர்களின் வயிற்றுக்குள் ஏறிவிடும். அது அங்கே வரக்கூடாத மின்சாரம். உள்ளே இருக்கும் இரும்பும் செம்பும் அதைத் தாங்காது. காப்பாற்ற ஒரே வழி, லைனிலிருந்து கழற்றிவிடுவது. கழற்றினால் கிழக்குப் பாதி சில மணி நேரம் இருட்டில் கிடக்கும், புயல் போன பிறகு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கழற்றாமல் விட்டு அது எரிந்துபோனால் மாற்று கிடையாது. புதிதாகச் செய்யச் சொல்லி, கப்பலில் ஏற்றி, கொண்டுவந்து இறக்க ஒரு வருஷம் ஆகும்.

இதையெல்லாம் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் யாருமில்லை. கிழக்கே இருந்த பெரிய ஆஸ்பத்திரியைக் காலையிலேயே மேற்கு லைனுக்கு மாற்றிவிட்டிருந்தாள். ஆயிரம் லிஃப்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள், அது தெரிந்ததுதான். கொஞ்ச நேரம் வியர்க்கும், திட்டுவார்கள், யாரும் சாகமாட்டார்கள். அதையெல்லாம் மனசுக்குள் கழித்துக் கூட்டி முடித்தாகிவிட்டது. சுட்டியைத் திரையில் மாமியாரைக் கழற்றிவிடும் சதுரத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அமுக்க வேண்டியதுதான்.

விரல் அமுங்கவில்லை.

அவள் புருஷர் துடைக்கிற கட்டடம் கிழக்கே இருந்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

“அக்கா, ஒரு நிமிஷமெல்லாம்...” என்று இழுத்தார் மீசை.

அவள் அதற்குள் மேசையிலிருந்த பழைய ஃபோனை எடுத்து அந்தக் கட்டடத்தின் வரவேற்பறைக்கு அடித்துவிட்டாள். நல்லவேளை, மணி போனது. ஒரு பெண் எடுத்தாள், இனிமையான குரலில் வணக்கம் சொல்லி, கட்டடத்தின் பெயர், தன் பெயர், என்ன உதவி வேண்டும் என்று ஒப்பித்தாள்.

“வெளியே போய்ப் பாரும்மா. தொட்டில் மேல இருக்கா?”

“மன்னிக்கணும், யார் பேசுறீங்க?”

“கரண்ட் ஆபீஸ்! போய்ப் பாரு!”

அந்தப் பெண் பதறி ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. வெயிலக்கா ரிசீவரை இடுக்கிக்கொண்டு நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். இன்னொரு காதில் யார்டு இன்ஜினியர், “என்னக்கா யோசிக்கிறீங்க, பெயின்ட் கருகுற வாசம் வருது” என்றார். திரையில் எண்ணெயின் சூட்டைக் காட்டும் எண் ஏறியது. ஏறாதே, ஏறாதே என்று அதனிடம் கெஞ்சினாள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. “இருக்காங்க, ரெண்டு பேர். உச்சியில. காத்துல ரொம்ப ஆடுது, பார்க்கவே பயமா இருக்கு.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கட்டடத்தில் கரண்ட் போய்த் தொட்டில் பாதியில் நின்றது. காற்று அதைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தது. அதில் இருந்தவர் அவள் புருஷரின் சிநேகிதர். ஒரு கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் புருஷர் சாப்பிடவில்லை, சரி என்றுகூடச் சொல்லவில்லை.

“இறங்கச் சொல்லு! மேஸ்திரி எங்க? கத்தி இறங்கச் சொல்லு, உடனே!”

மறுபடி ஓட்டம். மறுபடி காத்திருப்பு. மோட்டார் தொட்டில் அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது. அது இறங்குகிற வேகத்தை அவர் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார், ஒரு மாடி தாண்டுவதற்குள் ஒரு பாட்டுப் பாடி முடித்துவிடலாம் என்று. இப்போது எத்தனை பாட்டு பாக்கியோ.

“அக்கா” என்றார் மீசை. “நீங்க சொன்னதுதான் இது. எங்களுக்குப் பாடமா எடுத்தீங்களே, தாமதிக்கவே கூடாதுன்னு. நான் அமுக்கட்டுமா?”

“தொடாதீங்க! அவர் மேல இருக்கார்!”

மீசை கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. வேறென்ன செய்வார்?

ரிசீவரில் குரல் வந்தது. “இறங்கிட்டாங்க! ரெண்டு பேரும் தரையில நிக்கிறாங்க!”

அவள் அமுக்கினாள்.

அமுக்குவதற்கும் யார்டு இன்ஜினியரின் ஃபோனில் வெடிச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. எது முந்தி, எது பிந்தி என்று பிறகு எத்தனையோ பேர் அவளைக் கேட்கப்போகிறார்கள். கிழக்குப் பாதி திரையில் கறுத்துப்போனது. ஃபோனில் யார்டு இன்ஜினியர் இருமினார்.

“ஆள் யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றார். “மாமியார் போயிட்டா அக்கா. வயிறு வெடிச்சு எண்ணெயெல்லாம் எரியுது.”

அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி அந்த அறையில் ஒருவரும் சிரிக்காதது அன்றைக்குத்தான். மீசை குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. அவர் தரையில் நிற்கிறார், அவர் தரையில் நிற்கிறார் என்று மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை அவளால் மறைக்க முடியாது. அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் சந்தோஷம்தான்.

சாயங்காலம் அடுத்த ஷிஃப்டுக்காரர்கள் வந்த பிறகு நடந்தே வீட்டுக்குப் போனாள். வண்டிகள் ஓடவில்லை. சிக்னல் செத்த நாற்சந்தியில் நான்கு பக்கத்து வண்டிகளும் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்க, ஒரு பெரியவர் நடுவில் நின்று குடையால் வழிகாட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்கில் பம்பு ஓடாது என்று எழுதி வைத்தும் வரிசை கலையவில்லை. மளிகைக்கடைக்காரர் கார்டை நீட்டியவர்களிடம், “சில்லறை இருந்தா நில்லுங்க, இல்லாட்டி நகருங்க” என்று கத்தினார். எல்லாரும் ஏதோ இன்று ஒரு நாள் கூத்து என்ற முகத்தோடுதான் இருந்தார்கள். ராத்திரிக்குள் வந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். சூரியன் இறங்கின பிறகும் வானத்தின் வடக்கு மூலையில் அந்தப் புயல் ஏற்றிவிட்ட சிவப்பு போகாமல் நின்றது. ஜனங்கள் மொட்டை மாடிகளில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தவர் அவள் புருஷர். அவரைத் தொட்டுப் பார்த்தாள். தோளை, கையை. பிறகு உள்ளே பார்த்தாள்.

வீடு முழுக்கத் தண்ணீர். வாளிகள், பானைகள், சட்டிகள், அவளுடைய பழைய சாப்பாட்டு டப்பா, பூச்செடிக்கு வாங்கி வைத்திருந்த புதுத் தொட்டி, எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். மேசை மேல் மெழுகுவர்த்திகள் வரிசையாக இருந்தன.

“எப்ப வந்தீங்க?”

“வேலைக்குப் போனாத்தானே வர்றதுக்கு?” என்றார். “காலையில மேஸ்திரிகிட்டப் போய்ச் சொல்லிட்டு அப்படியே திரும்பிட்டேன். இன்னைக்கு ஏறாதேன்னு என் பொண்டாட்டி சொல்லியிருக்கா, அவ சொன்னா விஷயம் இருக்கும்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க. நெட்டையனையும் கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டான். எனக்குப் பதிலா பக்கத்துக் கட்டடத்து ஆளை ஏத்திக்கிட்டான்.” நெட்டையன் என்பது வழக்கமாக அவரோடு தொட்டிலில் ஏறும் கூட்டாளி.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்ல?”

“டூட்டில இருக்கும்போது கூப்பிடாதீங்கன்னு நீதானே சொல்லியிருக்கே?” அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். “அதான் காலையிலேயே சரின்னு சொன்னேனே.”

அவள் தரையில், வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். வரவேற்பறைப் பெண்ணை ஓடவிட்டது, மீசையை அதட்டியது, யார்டிலிருந்து கேட்ட சத்தம், ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே எதிரே உட்கார்ந்தார். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறவர் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“நெட்டையன் பிழைச்சானே” என்றார் கடைசியில், மெதுவாக. “அந்த இன்னொருத்தனும். உன்னாலதான். அதை நினைச்சுக்கோ.”

“அதை நினைக்க முடியலைங்க.” அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. “அவங்கதான்னு தெரிஞ்சிருந்தா நான் காத்திருந்திருக்க மாட்டேன். அமுக்கியிருப்பேன். லிஃப்டுல இருந்த அத்தனை பேரையும் கழிச்சுத் தள்ளின மாதிரி அவங்களையும் தள்ளியிருப்பேன்.”

சரி என்று அவர் சொல்லவில்லை. அவள் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாதவராகத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுக்காரி, கையில் சார்ஜ் தீரப்போகிற கைபேசியோடு. “அக்கா, உங்க ஆபீஸ்ல என்ன சொல்றாங்க? கரண்ட் எப்ப வரும்?”

வழக்கமாக யார் கேட்டாலும், இவளைக் கேளுங்கள் என்று பெருமையோடு கையைக் காட்டுகிற புருஷர் இன்று கதவை விட்டு ஒதுங்கி நின்றார். வெயிலக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“வராது” என்றாள். “நாளைக்கும் வராது. மாசக்கணக்காகும். வருஷமே ஆனாலும் ஆகும். மேல தொட்டியில இருக்கிற தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணு. சொந்தக்காரங்க மேற்கே யாராவது இருந்தா நாளைக்கே கிளம்பு.”

எதிர்வீட்டுக்காரி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “போங்கக்கா! போன வருஷமும் இப்படித்தானே பயமுறுத்தினீங்க? வாங்க, மாடிக்குப் போகலாம், வானம் என்னமா இருக்கு தெரியுமா!” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அவர் கதவைச் சாத்தினார். இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தவர், ஏற்றாமல் திரும்ப வைத்தார். வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“வருஷமா?” என்றார்.

“வருஷம்.”

“சரி” என்றார். குனிந்து தட்டுகளையும் மூடிகளையும் தேடி எடுத்து, தூசி விழாமல் ஒவ்வொரு வாளியாக மூட ஆரம்பித்தார்.